கேரம் ஆடும் தோஸ்தும் செத்த காலேஜும்

எம்.கே.பி. நகரில் எனக்கு ஒரு தோஸ்து இருந்தார். கேரம் நன்றாக ஆடுவார். சர்க்கரை வியாதி உண்டு. இடது காலில் ஆபரேஷன் ஆனது. மூத்த பெண்ணை மாதவரம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். மீன் குழம்பில் மாங்காய் போட்டிருந்தால் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவார். பதினோரு வருஷம் இப்படி இருந்தார். அப்படி ஒருவர் கிடையவே கிடையாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. யாராவது திடீரென்று கேள்வி கேட்டால் எனக்குக் கழுத்து வேர்த்துவிடும். அந்த நேரத்தில் வாய்க்கு எது வருகிறதோ அதுதான் பதில். அது உண்மையா பொய்யா என்று எனக்கே பிறகுதான் தெரியும். காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஐஸ் பாரை மெஷினில் போட்டு உடைத்துப் படகுக்கு ஏற்ற வேண்டும். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. கையைக் காட்டினால் போதும். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போன அன்றைக்கே, இந்தச் சத்தத்துக்காகவே சேர்ந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாயில் கண்ணாடி வாங்க நகரத்துக்குள் போயிருந்தேன். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் மழை. ஓடிப்போய் ஒரு பெரிய கேட்டுக்குள் ஒதுங்கினேன். அது மியூசியம். எங்கள் பக்கத்தில் அதை செத்த காலேஜ் என்பார்கள். மிருகங்கள் உயிரோடு இருக்கிற இடம் உயிர் காலேஜ், செத்துப் பாடம் பண்ணி வைத்திருக்கிற இடம் செத்த காலேஜ். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். கண்ணாடிப் பெட்டியின் கீழே தமிழில் ஒரு அட்டை இருந்தது. புதுக் கண்ணாடியில் நான் முதன்முதலாகப் படித்தது அந்த அட்டையைத்தான். நான் பள்ளிக்கூடம் போனது அஞ்சாவது வரைக்கும். எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பேன். அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். ஒருவரும் என்னை என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. பெட்டிக்குள் இருந்த கற்கோடாலியும் கேட்கவில்லை. அப்படி ஓர் இடம் இந்த ஊரில் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"கண்ணாடி வாங்க இம்மா நேரமா? எங்க போய்ட்டு வர்ற?"

கழுத்து வேர்த்தது. "எம்.கே.பி. நகர்ல ஒரு தோஸ்து. கேரம் ஆடிகினு இருந்தோம்" என்றது வாய்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் குப்பத்தில் செத்த காலேஜுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் போகும், அதுவும் வாத்தியார் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனால். வளர்ந்த ஆம்பளை லீவு நாளில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தனியாகப் போய் யானை எலும்பைப் பார்த்துவிட்டு வருகிறான் என்று தெரிந்தால், அன்றைக்கே கையில் தாயத்துக் கட்டிவிடுவார்கள்.

இதில் வேறு ஒரு பயமும் இருந்தது. கல்யாணமான புதிதில் பீடியை விட்டுவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். விடவில்லை. மோப்பம் பிடித்துவிட்டாள். சண்டை போடவில்லை, எண்ணூரில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மாதம் கழித்து வந்தவள் வாசற்படியிலேயே நின்று சொன்னாள்: "இன்னொரு தபா எங்கிட்ட பொய் சொன்னேன்னு தெரிஞ்சுது, அப்பால எண்ணூர்தான் எனக்கு வூடு." சொன்னதைச் செய்கிறவள் அவள். எங்கள் பெண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளும் போய்விட்டால் நானும் சுவரும்தான்.

அதனால் தோஸ்தைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

செவ்வாய்தோறும் போனேன். ஒரு நாளைக்கு நாலு பெட்டி, அதற்கு மேல் படித்தால் தலை வலிக்கும். சாயங்காலம் திருவொற்றியூர் திரும்பினால் மனைவி வெயிலில் காய்ந்த கருவாட்டை வாரிக்கொண்டே கேட்பாள்.

"இன்னா சொன்னாரு உன் தோஸ்து?"

ஆரம்பத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் சொன்னேன். "நாள் பூரா குந்திகினு ஒரு வார்த்தை பேசலியா? இன்னா மாரி தோஸ்து அது?" என்றாள். அடுத்த வாரம், பழைய காலத்தில் செத்தவர்களைப் பெரிய தாழிக்குள் உட்காரவைத்துப் புதைப்பார்களாம், தோஸ்து சொன்னார் என்றேன். கருவாட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"குந்தவெச்சா? ஏன் படுக்க வெக்கல?"

அட்டையில் அது இல்லை. "அடுத்த வாரம் கேட்டுகினு வரேன்" என்றேன். அடுத்த வாரம் அந்த அறை முழுக்கத் தேடிப் படித்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் கேள்வி கேட்பாள், நான் போய்ப் படிப்பேன், தோஸ்து பதில் சொல்லுவார். சண்டையில் செத்த வீரனுக்கு ஊரார் கல் நட்டதைத் தோஸ்து சொன்னார். திமிங்கலம் மீனே இல்லை, அது பால் கொடுக்கும் என்று தோஸ்து சொன்னார். அதை அவள் மார்க்கெட்டில் போய்ச் சொல்ல, அங்கே மீன் விற்கிற பெண்களுக்குள் இரண்டு கட்சி உண்டாகி ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததாம். "அந்த மனுஷன் படிச்சவரு, பொய் சொல்ல மாட்டாரு" என்று இவள் சத்தியம் செய்துவிட்டு வந்தாள்.

கொஞ்ச நாளில் தெரு முழுக்கத் தோஸ்துக்கு மரியாதை. யாருக்காவது சந்தேகம் வந்தால், "அந்தக் கேரம்காரரைக் கேட்டுகினு வாபா" என்பார்கள். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. வெயிலில் போய் நின்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் நான், பேர் அவருக்கு.

மனைவி அவருக்குக் குழம்பு கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள். என் பங்கையும் அவர் பங்கையும் மரத்தடியில் நானே சாப்பிட்டேன். மாங்காய் போட்ட குழம்பு நன்றாக இருந்தது, அதனால் அவருக்கும் பிடித்திருந்தது என்று சொல்லி வைத்தேன். போன் நம்பர் கேட்டாள். காது மந்தம், போனே வைத்துக்கொள்வதில்லை என்றேன். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது குடும்பத்தோடு வரச்சொல் என்றாள். சர்க்கரை கூடிவிட்டது என்றேன். அடுத்த ஆடிக்கும் கேட்டாள். வேறு வழி இல்லாமல் காலில் ஆபரேஷன் என்றேன்.

தீமிதி அன்று மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். எதற்கு என்று கேட்டேன். "உன் தோஸ்து காலுக்குத்தான் வேண்டிகினேன்" என்று சொல்லிவிட்டு நெருப்பில் நடந்தாள். இல்லாத ஒருவருடைய காலுக்காக என் மனைவியின் கால் நெருப்பில் போவதைக் கூட்டத்தில் நின்று பார்த்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கால் சரியாகிவிட்டது என்று மறு வாரம் சொன்னேன்.

இந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மனைவியும் பக்கத்து வீட்டு அக்காவும் வந்து நின்றார்கள். மீன் விற்கிறவர் அந்த அக்கா. எங்கள் பக்கம் எந்தச் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு முதல் குரல் அவருடையதுதான்.

"அவரு வரமாட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழமை நாமளே போறோம்" என்றாள் மனைவி. "பழம் வாங்கிகினு போய்ப் பாத்துட்டு வந்துடலாம். அட்ரசு சொல்லு."

"நானும் வரேன். திமிங்கலம் விஷயத்துல அவராண்ட ஒண்ணு கேக்கணும்" என்றார் அக்கா.

வாய் நிறைய நுரை. கழுத்தில் வேர்வை. துப்பிவிட்டுச் சொன்னேன்: "அவரு பூட்டாரு."

"எங்க பூட்டாரு?"

"செத்துட்டாரு. காலையில. அவரு பக்கத்து வூட்ல இருந்து போன் வந்துது."

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் அழுவாள், இரண்டு நாளில் தேறிவிடுவாள், அதோடு தோஸ்து முடிந்தார், நானும் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டேன். எங்கள் குப்பத்தில் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தால் மன்னிப்பு உண்டு. சாவுக்குப் போகாமல் இருந்தால் தலைமுறைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

அக்கா தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தார். "கேரம்காரர் பூட்டாராம்டீ!" அவ்வளவுதான். பாதி வெந்த இட்லியை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். எங்கள் நாட்டார், அதாவது குப்பத்துத் தலைவர், வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து என் தோளைத் தொட்டார். "கவலப்படாதபா. நாங்கோ இருக்கோம்" என்றார். அவர் அப்படி என் தோளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்கே அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து எல்லோரும் அழுதார்கள். தொழிலுக்குப் போகிற படகுகளை நிறுத்தலாமா என்று கரையில் ஒரு பேச்சு நடந்தது. வெளியூர் சாவுக்கு நிறுத்துகிற வழக்கம் இல்லை, ஆனால் திமிங்கலத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் ஒரு விதத்தில் கடல்காரர்தான் என்று முடிவாகி, நாலு படகு நின்றது.

எண்ணூரிலிருந்து மச்சான் மீன் ஏற்றுகிற குட்டியானை வண்டியோடு வந்தார். மனைவியின் அண்ணன் அவர்தான். ஆள் உயர மாலை வாங்கினார்கள். பின்னால் பெண்கள் ஒன்பது பேர், மனைவி, நாட்டார். வழி சொல்வதற்காக என்னை முன் சீட்டில் உட்கார வைத்தார்கள்.

எம்.கே.பி. நகருக்கு நான் அதற்கு முன்னால் போனதே இல்லை.

"எந்தத் தெரு மாப்ள?"

"நேரா போ மச்சான்."

நேராகப் போனோம். தெரு முடிந்தது. "லெஃப்ட்டு" என்றேன். அப்புறம் இன்னொரு லெஃப்ட்டு. ஒரே டீக்கடையை மூன்றாவது முறை தாண்டினோம். டீக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பதினோரு வருசமா வந்துகினு கீற, வூடு தெரியலியா?" என்றார் மச்சான்.

"துக்கத்துல கண்ணு தெரியல."

அப்போது ஒரு தெருமுனையில் ஷாமியானா தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சங்கு ஊதுகிறவர், மேளம். யாரோ நிஜமாகவே செத்திருந்தார்கள். வண்டி நிற்பதற்கு முன்னாலேயே அக்கா பின்னாலிருந்து குதித்துவிட்டார். மாலையைத் தூக்கிக்கொண்டு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, உள்ளே ஓடிக்கொண்டே ஆரம்பித்தார்.

"காயின் எல்லாம் காத்துகினு கீதே அண்ணே! ஸ்ட்ரைக்கரு அழுவுதே அண்ணே! ஆபரேசன் பண்ண காலு ஆறி இன்னும் ஒரு வருசம் ஆவலியே அண்ணே!"

மற்ற எட்டுப் பேரும் பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொண்டார்கள். நான் உள்ளே போய்ச் சேர்வதற்குள் மாலையைப் போட்டுவிட்டார்கள். பெட்டிக்குள் இருந்தது தொண்ணூறு வயது இருக்கக்கூடிய ஓர் ஆயா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அழுகையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"உங்கம்மா கேரம் ஆடுவாங்களா?" என்று தன் புருஷனைக் கேட்டார்.

"எனக்கு இன்னாமே தெரியும்? மத்தியானத்துல நான் வேலைக்குப் பூடறேன்" என்றார் அவர்.

அக்கா தலையை நிமிர்த்திப் பெட்டிக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆனால் ஒப்பாரியை நடுவில் நிறுத்தக்கூடாது. அண்ணே என்பதை அம்மா என்று மாற்றி, காலையும் கேரத்தையும் மெல்ல விட்டுவிட்டு, முறைப்படி பாடி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். நாட்டாரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். அந்த வீட்டுக்காரர்களுக்கு எங்களை அனுப்ப மனம் இல்லை. இவ்வளவு பேர் இவ்வளவு அழுகையோடு அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை போலிருந்தது. எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். எடுக்கும்வரை இருங்கள் என்றார்கள்.

வண்டிக்குத் திரும்பினோம். மச்சான் சாவியைப் போடாமல் என்னையே பார்த்தார்.

"மாப்ள. மெய்யாலுமே சொல்லு. தோஸ்து எங்க?"

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வீங்கியிருந்தது. தலைக்குப் பூ வைக்காமல் வந்திருந்தாள். இன்னொரு லெஃப்ட்டு சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் சொல்லவில்லை.

"செத்த காலேஜுக்கு வுடு மச்சான்."

"அங்க இன்னா கீது?"

"அங்கதான் கீறாரு."

அவர் அங்கே வேலை செய்தவராக்கும் என்று நாட்டார் பின்னால் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். படித்தவர் ஆயிற்றே, அதுதான் அங்கேயே வைத்திருக்கிறார்கள் என்றார். அதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மாலையைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு போகிறோமே என்பதுதான் அவர்கள் கவலை.

கேட்டில் இருந்த காவலாளியிடம் நாட்டார் போய்த் தணிந்த குரலில் கேட்டார். "செத்தவரப் பாக்க வந்துகிறோம்."

"எல்லாம் உள்ளதான் கீது. டிக்கெட் வாங்கிகினு போங்க" என்றார் அவர்.

சாவு வீட்டு வழக்கப்படி எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். முதல் அறையில் தாழி இருந்தது. மனைவி நின்றாள்.

"இது உன் தோஸ்து சொன்ன பானைதான?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் மற்றவர்களைப் பார்த்து, "இதுலதான் குந்தவெப்பாங்க. கூடவே அவங்க துன்ற தட்டு, கத்தி எல்லாம் வெப்பாங்க" என்றாள். அட்டையை அவள் பார்க்கக்கூட இல்லை. அவளுக்குப் படிக்கவும் வராது. அடுத்தது நடுகல். "இவரு மாட்டத் திருட வந்தவன்கூட சண்டை போட்டு செத்தாரு." அடுத்த அறை, அடுத்த பெட்டி. நடை வேகமாகிக்கொண்டே போயிற்று. எந்தத் திருப்பத்தில் என்ன வரும் என்பது அவளுக்குத் தெரியாது, ஆனால் எது வந்தாலும் அதன் கதை தெரிந்திருந்தது. ஒன்பது பெண்களும் அவள் பின்னால் ஓடினார்கள். வழியில் நின்றிருந்த வேறு ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் அவளை மியூசியத்தில் சுற்றிக் காட்டுகிற அம்மா என்று நினைத்துக்கொண்டு கூடவே வந்தார்கள்.

திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கும் இடத்துக்கு வந்ததும் எல்லோரும் தானாகவே கையைக் கூப்பினார்கள். இவ்வளவு பெரிய சாவை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. மச்சான் விலா எலும்பை எண்ண ஆரம்பித்தார். மனைவி மட்டும் திரும்பி என்னிடம் வந்தாள்.

"எல்லாம் பாத்தாச்சு. அவரு எங்க?"

கழுத்து வேர்த்தது. அங்கே சத்தம் போடுகிற மெஷின் எதுவும் இல்லை.

"ஆளு இல்லமே. நான்தான். இங்க வந்து படிச்சிட்டு வந்து நான்தான் சொன்னேன்."

"கேரம்?"

"எனக்கு ஆடத் தெரியாது."

"மாதவரத்துல கட்டிக் குடுத்த பொண்ணு?"

"இல்ல."

அவள் கொஞ்ச நேரம் திமிங்கலத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அந்தக் காலு?"

செருப்பில்லாத அவள் பாதத்தைப் பார்த்தேன்.

"பூ மிதிச்சேனேய்யா. கொப்பளத்தோட பத்து நாளு மார்க்கெட்டுக்குப் போனேனே. நீதான எண்ணெய் தடவி வுட்ட?"

அக்கா காதில் இது விழுந்துவிட்டது. "அப்ப சாவே இல்லியா? அப்ப நான் அழுதது?" என்றார். நாட்டாரை எல்லோரும் பார்த்தார்கள். நாட்டார் யோசித்தார். பொய் சொன்னவனுக்கு அபராதம் போடலாம், ஆனால் பொய் சொல்லிவிட்டுச் செத்த காலேஜுக்குப் போனவனுக்கு என்ன போடுவது என்று குப்பத்துச் சட்டத்தில் இல்லை. "புருசன் பொஞ்சாதி விஷயம். அவங்க பேசிக்கட்டும். யானை எந்தப் பக்கம் கீது?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். ஒருவர் பின் ஒருவராக அவரோடு போய்விட்டார்கள். மச்சான் மட்டும் எண்ணிக்கை தப்பிவிட்டதால் மறுபடி முதல் எலும்பிலிருந்து ஆரம்பித்தார்.

"ஏன் என்னாண்ட சொல்லல?" என்றாள் மனைவி.

"சொன்னா நீ கேள்வி கேப்ப. எனக்குப் பதில் சொல்ல வராது. அவரு சொல்றாருன்னு சொன்னா வருது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முடிவெடுத்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது.

"அந்த மனுஷன் செத்துட்டாரு. எனக்கு அவரு செத்துதான் பூட்டாரு. நல்ல மனுஷன். அவருக்குப் பதினாறாம் நாளு கருமாதி பண்ணணும். சொந்தம்னு நீதான் கீற, நீதான் பண்ணணும். அதுவரைக்கும் நான் எண்ணூர்ல."

"அப்பால?"

"அப்பால பாக்கலாம்."

மியூசியத்திலிருந்தே அண்ணனோடு போய்விட்டாள். வழியில் மற்றவர்களைத் திருவொற்றியூரில் இறக்கிவிட்டார்கள். நானும் அங்கேயே இறங்கினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பதினைந்து நாளும் வீட்டில் நானும் சுவரும்தான் இருப்போம் என்று நினைத்தேன். அப்படி இருக்க விடவில்லை. வேலை முடிந்து வந்தால் வாசலில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு வராதவர்களுக்கு வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். "அந்த யானை எப்டி செத்துதுபா?" "அந்தச் சாமி சிலை எல்லாம் எந்த ஊருது?" என்று கேட்பார்கள். தோஸ்து சொன்னார் என்று சொல்ல முடியாது, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நானே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சாயங்காலத்தில் மூன்று சட்டை நனைந்தது. திமிங்கலம் மீன் இல்லை என்பதை இன்னும் ஒத்துக்கொள்ளாத கட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து என்னோடு நேரடியாகச் சண்டை போட்டார்கள். இதெல்லாம் எண்ணூருக்கு உடனுக்குடன் போன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. எனக்குத்தான் அங்கிருந்து ஒரு போனும் வரவில்லை.

பதினாறாம் நாள் எண்ணூர் கடற்கரைக்குப் போனேன். மீசையை எடுத்துவிட்டிருந்தேன். மச்சான் ஆள் கூட்டி வைத்திருந்தார். குப்பத்திலிருந்தும் இருபது பேர் வந்திருந்தார்கள். செத்தவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும் என்று மனைவி மாங்காய் போட்ட மீன் குழம்பு வைத்திருந்தாள். பக்கத்தில் புது கேரம் போர்டு, காயின் எல்லாம் அடுக்கி வைத்து. போட்டோ இல்லாததால் அந்தப் போர்டுக்கே பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள்.

சடங்கு செய்கிறவர் என் கையில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கேட்டார். "எறந்தவர் பேரு?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அவருக்கு நான் ஒரு பேர் வைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. வாய் எதையாவது சொல்லியிருக்கும், அதற்குப் பேர் பஞ்சமே கிடையாது. அடக்கிக்கொண்டேன்.

"தெரியாதுங்க" என்றேன்.

"சொந்தக்காரரு பேரு தெரியாதா?"

"தோஸ்துன்னே சொல்லுங்க" என்றாள் மனைவி.

அவர் அப்படியே சொன்னார். தோஸ்துக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். மூன்றாவது தடவை இறைக்கும்போது எனக்கு அழுகை வந்தது. யாரையும் ஏமாற்ற வந்த அழுகை இல்லை. என் வீட்டில் சாயங்கால நேரத்தில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர் இனி இல்லை, அந்த இடத்தில் இனி என்னைத் தவிர ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நிற்காமல் அழுதேன். அக்காவே எழுந்து வந்து, "போதும் நைனா, கரைக்கு வா" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

சாப்பாடு முடிந்தது. எல்லோரும் குட்டியானையில் ஏறினார்கள். நான் பின்னால் காலி மீன் பெட்டிகளுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். மனைவி அண்ணன் வீட்டுக்குள் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். பையை என் மடியில் எறிந்துவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

வண்டி கழிமுகத்துப் பாலத்தின் மேல் வந்தது. கீழே கலங்கின தண்ணீரில் கொக்குகள் வரிசையாக ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. முன்னாலிருந்து அவள் தலையை வெளியே நீட்டித் திரும்பினாள்.

"யோவ்! அதுங்க ஏன் ஒத்தக் கால்ல நிக்குதுங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கழுத்து வேர்த்தது. காற்றிலும் வண்டிச் சத்தத்திலும் கேட்காது என்பதால் கத்தத்தான் வேண்டியிருந்தது.

"தெரியாது!"

அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அண்ணனிடம் சொன்னாள். எனக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

"அவரா இருந்தா சொல்லியிருப்பாரு."